பதின்மூன்று கச்சான்

என் கோட்டின் வலது பைக்குள் பதின்மூன்று கச்சான் கிடந்தது. கோதோடு வறுத்த கச்சான், அதுதான் நிலக்கடலை. விளையாட்டுக் கூடத்தின் கதவில் அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போன தாளில், பதினான்காம் இலக்கச் சட்டைக்கு நேரே, ஒன்பது என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்பதுதான். பைக்குள் கையை விட்டு மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான்.

என் மனைவி றீற்றா பின்னால் தொப்பியும் கையுறையுமாக வந்து நின்றாள்.

"என்னப்பா, பிடிச்சிட்டானோ?"

"அவன் பிடிச்சவன். அவள் களவெடுத்துப் போட்டாள்."

"ஆர்?"

"வேறை ஆர்? மேசையிலை இருக்கிற மனுசிதான்."

கூடத்துக்குள் சனம் கலைந்துகொண்டிருந்தது. சினோப் பனி உருகி ஈரமான சப்பாத்துகளின் மணமும், மரத்தரைக்குப் பூசிய வார்னிஷ் மணமும் ஒன்றாக வந்தன. இப்போதும் எங்காவது அந்த மணம் வந்தால் என் கை தானாக வலது பைக்குப் போகும்.

எண்ணத் தெரிந்தவன்

மேலே போகமுன் ஒன்று. போன வாரம் இந்தப் பத்திரிகையில் வந்த என் பகுதியில் ஐந்து வரி குறைவு. இடம் போதவில்லை என்று ஆசிரியர் தம்பி சொல்கிறார். ஆனால் பக்கத்திலேயே அவருடைய மைத்துனரின் தளபாடக்கடை விளம்பரம் ஒரு எழுத்தும் குறையாமல் வடிவாக வந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதை மறைப்பதில்லை. பட்டம் பெற்ற எத்தனையோ பேர் என்னிடம் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: நான் எண்ணினால் பிழைக்காது.

இந்த மொன்றியல் ஊருக்கு வந்த புதிதில் ஒரு கிரேக்கரின் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒரு நாள் அந்த மனுசன் வந்து, இந்த மாதம் நீ ஒன்பது கோப்பை உடைத்துவிட்டாய் என்று கத்தினான். நான் பேசாமல் போய், குழாய்க்குக் கீழே வைத்திருந்த மட்டைப்பெட்டியை எடுத்துவந்து அவன் முன்னால் கவிழ்த்தேன். உடைந்த ஒவ்வொரு கோப்பையின் விளிம்பிலும் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தேன். நான்கு துண்டு. மற்ற ஐந்தும் யார் உடைத்தது என்று அவன் தன் மச்சானைத்தான் போய்க் கேட்டான்.

அன்று தொடக்கம் எனக்கு ஒரு கொள்கை. மற்றவன் எண்ணினால் நானும் எண்ண வேண்டும்.

பிறகு அதே கையால்தான் உள்ளே இறைச்சி வைத்துப் பொரிக்கிற றோல்ஸ் சுற்றத் தொடங்கினேன். முதலில் பார்க் எக்ஸ்டென்சனில் ஒரு வீட்டுக் குசினியில். இன்றைக்கு இரண்டு பெரிய பொரிக்கிற இயந்திரம், நாலு பெண்கள் வேலைக்கு, என் பெயர் எழுதிய வான் வண்டி. முதல் நன்மை, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் என் றோல்ஸ் போகும். மொன்றியலில் மரியதாஸின் றோல்ஸைத் தின்னாத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் நேற்று விமானத்தால் இறங்கியவனாக இருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. நான் எங்கேயும் கைவீசிக்கொண்டு போவதில்லை. பல் வைத்தியரிடம் போனாலும் ஒரு பெட்டி றோல்ஸ். அகதி வழக்குப் பேசிய வக்கீலுக்கு ஒரு பெட்டி. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து அதிபருக்கு ஒரு பெட்டி. லஞ்சம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு பெட்டி கைமாறினால் மற்ற ஆள் எங்கள் முகத்தை ஒருக்கால் கூடுதலாகப் பார்ப்பார். அதுதான் வேண்டியது.

தவறின பந்து

என் மூத்தவன் யூட். நான் ஐந்தடி நாலு அங்குலம். அவன் பதினேழு வயதில் வாசல் நிலையில் தலை இடிபட்டு இடிபட்டுக் குனிந்து நடக்கப் பழகினவன். றீற்றாவின் தமையன்மார் எல்லாரும் தென்னைமர உயரம், அந்தப் பக்கத்தால் வந்தது.

இங்கே பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் செஜெப் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. யூட் அங்கே ஆண்கள் கூடைப்பந்து அணியில் சேர்ந்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் போன காலம். நாங்கள் லவாலில் வீடு வாங்கியிருந்தோம்.

முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மற்றப் பையன்கள் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். என் மகன் கூடைக்குக் கீழே நின்று, மற்றவர்கள் தவறவிட்ட பந்தைப் பாய்ந்து பிடித்து, திரும்பவும் அவர்களிடமே கொடுக்கிறான்.

"உனக்குப் போடத் தெரியாதோ?" என்று வானுக்குள் வைத்துக் கேட்டேன்.

"என்ரை வேலை ரீபவுண்ட் அப்பா. தவறின பந்தைப் பிடிக்கிறது. அதையும் எண்ணுறவை."

எண்ணுகிறார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் நான் வானை மெதுவாக்கினேன்.

"ஆர் எண்ணுறது?"

அடுத்த ஆட்டத்தன்று கூடத்துச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். கறுப்புப் பலகையில் பொன் நிற எழுத்து. ஒரு பருவத்தில் கூடுதல் புள்ளி போட்டவன், கூடுதல் ரீபவுண்ட் பிடித்தவன், கூடுதலாகப் பந்து கொடுத்துப் புள்ளி போடவைத்தவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு இலக்கமும். ரீபவுண்டுக்கு நேரே கஸ்தோன் என்று இருந்தது. ஹெயிட்டிக்காரப் பொடியனாம். எத்தனையோ வருடமாக அவனை ஒருவரும் தாண்டவில்லையாம்.

"நீ தாண்டினால்?"

"என்ரை பேர் வரும்."

யூட்டின் சட்டை முதுகைப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். மரியதாஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பலகையில் ஏறப்போவது யாருடைய பெயர்? நீங்களே சொல்லுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனின் பெயர், கல்லூரிச் சுவரில், பொன் எழுத்தில்.

மூன்றாம் வருடம் யூட்டின் கடைசிப் பருவம். அந்தப் பருவம் முழுக்க நான் ஒரு உள்ளூர் ஆட்டத்தையும் விடவில்லை. இடது பை நிறையக் கச்சான். யூட் ஒரு பந்தைப் பிடித்தால் ஒரு கச்சான் இடதிலிருந்து வலதுக்குப் போகும்.

றீற்றா பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கச்சானை எண்ணுறியளோ, தின்னுறியளோ?"

ஆட்டம் முடியும்வரை ஒன்றுகூடத் தின்றதில்லை. சத்தியம்.

மேசைக்குப் பின்னால்

எண்ணுகிற மேசையில் மதாம் மொனிக் இருந்தா. கணக்குப் படிப்பித்து இளைப்பாறினவ. வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பா. சங்கிலி கோத்த கண்ணாடி. யாரையும் பார்த்துச் சிரிக்கமாட்டா. நான் என் வழக்கப்படி அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தன்றே மேசையில் ஒரு பெட்டி றோல்ஸ் வைத்தேன்.

"போன்ஜூர் மதாம். ஆட்டிறைச்சி. சூடு."

"மெர்சி மிஸ்யூ," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பெட்டியை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தா.

அன்று என் பையில் எட்டு. தாளில் ஏழு.

ஒன்று தவறலாம். நானும் மனுசன்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் பெட்டி சின்னதாகப் போய்விட்டதோ என்று ஒரு யோசனை வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு பெட்டி கொண்டுபோனேன். என் பையில் பத்து. தாளில் எட்டு.

அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைவிட அந்த மனுசியைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முதலாவது, எழுதுவது பென்சிலால். பேனை இருக்கப் பென்சில் எதற்கு? அழிக்கத்தானே. இரண்டாவது, யூட் பாய்கிற நேரமாகப் பார்த்து இருமுவா. மூன்றாவதுதான் பெரியது. ஒருநாள் அவ தாள் வைக்கிற கோப்பைத் திறந்தபோது உள்ளே ஒரு பழைய படம். அணி வரிசையாக நிற்கிறது. நடுவில் மதாம், கறுப்புத் தலைமயிரோடு. அவவின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறவனின் காலடியில் கஸ்தோன் என்று எழுதியிருந்தது.

"பாத்தியே?" என்று றீற்றாவிடம் சொன்னேன். "இவள் அவன்ரை ஆள். அவன்ரை பேரைப் பலகையிலை காப்பாத்திறாள்."

"உங்களுக்கு ஒருத்தரும் நல்லவையில்லை," என்றாள் றீற்றா. "போன மாதம் சுவாமியார் பூசையைக் கெதியா முடிச்சிட்டாரெண்டும் மணிக்கூட்டைப் பாத்தனீங்கள்."

சுவாமியார் அன்று கெதியாக முடித்தது உண்மை. அதை வேறொரு வாரம் எழுதுகிறேன்.

கூட்டக் கூட்டக் குறைந்தது

எங்கள் ஆட்கள் இப்படியான நேரத்தில் சண்டைக்குப் போவதில்லை. பெட்டியைக் கூட்டுவோம். மூன்று பெட்டி. பிறகு பற்றீஸ் பலகாரமும் சேர்த்து. தவக்காலம் தொடங்கியதும், இறைச்சி விலக்குகிற வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்கு மீன் றோல்ஸ், ஏனென்றால் மதாமின் கழுத்தில் சிலுவை கிடந்தது.

மதாம் ஒவ்வொரு முறையும் மெர்சி சொன்னா. ஒவ்வொரு முறையும் தாளில் என் கச்சான் குறைந்தது. இரண்டு குறையும், மூன்று குறையும். எனக்குத் தலை வெடித்தது. உலகத்தில் எந்தக் கந்தோர் மேசையிலும் என் றோல்ஸ் வேலை செய்யாமல் விட்டதில்லை. இந்த ஒரு மேசையில் மட்டும் தின்னத் தின்ன மனுசி எங்களை வெட்டுகிறா.

யூட் ஒருநாள் கடைக்கு வந்து நின்றான்.

"அப்பா, மேசைக்கு றோல்ஸ் குடுக்காதேங்கோ."

"ஏன், மணக்குதாமோ?"

"அதில்லை."

"பின்னை? சிநேகிதப் பொடியள் சிரிக்கிறாங்களோ?"

"ஒருத்தரும் சிரிக்கேல்லை. சும்மா குடுக்காதேங்கோ. ப்ளீஸ்."

வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். இந்த றோல்ஸால்தான் அந்தச் சப்பாத்து வாங்கினது என்று ஒரு நீண்ட பிரசங்கம் வைத்தேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஆட்டத்துக்கு நான் நாலு பெட்டி கொண்டுபோனேன்.

அப்படியே கடைசி ஆட்டம் வந்தது. களவு போனது போக மிச்சத்திலேயே பையன் கஸ்தோனுக்குக் கிட்ட வந்துவிட்டான். அன்றைக்குப் பத்துப் பிடித்தால் சமம். பதினொன்று பிடித்தால் பலகை எங்களுடையது.

அந்த நாளை என்னென்று சொல்ல. யூட் கடைசிப் பந்தைப் பிடித்தபோது கூடைக்குக் கீழே நாலு பேர் விழுந்து கிடந்தார்கள். அவன் மட்டும் நின்றான், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பதின்மூன்றாவது கச்சான் வலது பைக்குப் போனது. நான் எழும்பி நின்று கத்தினேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எனக்குக் கை தந்தார்.

பிறகுதான் அந்தத் தாள்.

பென்சிலும் பேனையும்

நேரே மேசைக்குப் போனேன். றீற்றா கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். "விசர் வேலை பாக்காதேங்கோ!"

என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சூடு, கத்தி, கெதியாய், கழுவு. கேட்டால் ஓரளவு விளங்கும், பேசவென்றால் அதற்கு மேலே அதிகம் இல்லை. அதனால் ஒன்றும் பேசாமல் கச்சானை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. பதின்மூன்றையும் வைத்து முடித்தபிறகு சொன்னேன்: "மகன். இன்று. பதின்மூன்று."

அவ என்னைப் பார்த்தா. மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா.

"உங்கள் எண்ணிக்கை சரி, மிஸ்யூ மரியதாஸ். என்னுடையதும் பதின்மூன்றுதான்."

கோப்பைத் திறந்தா. பதினான்காம் இலக்கத்துக்கு நேரே பென்சிலால் பதின்மூன்று. அதன்மேல் நீலப் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் ஒன்பது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் பள்ளிக்கூட அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். யூட்டினுடையது.

ஒவ்வொரு தாளாகப் பின்னுக்குப் புரட்டினா. எட்டு வெட்டி ஏழு. பத்து வெட்டி எட்டு. பென்சில் இலக்கம் எல்லாம் என் கச்சான். பேனை இலக்கம் எல்லாம் என் மகன்.

"ஆட்டம் முடிய என்னிடம் பையன்கள் வருவார்கள். எல்லாரும் கூட்டச் சொல்லித்தான். குறைக்கச் சொல்லி வந்தவன் இவன் ஒருவன்."

"நீங்கள் ஏன் எழுதினீர்கள்?"

"பந்து தன் கையில் இல்லை, பக்கத்தில் நின்றவனுடையது என்றான். தன்னுடையது இல்லை என்று ஒருவன் சொல்லும்போது, இல்லை உன்னுடையதுதான் என்று நான் எப்படிச் சண்டை பிடிப்பது?"

தாள்கள் திங்கட்கிழமை மத்தியானம்தான் மேலிடத்துக்குப் போகும் என்றும் சொன்னா. அதற்குமுன் யூட் வந்து தான் சொன்னது பிழை என்று சொன்னால் பென்சில் இலக்கம் திரும்ப வரும்.

எனக்கு வாயில் வந்த அடுத்த கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். "றோல்ஸ் நன்றாக இருந்ததா?" என்று கேட்டேன்.

மதாமின் முகம் சிவந்தது. "மன்னியுங்கள். மேசையில் இருக்கிறவர்கள் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கக் கூடாது. திருப்பித் தந்தால் உங்களுக்கு மனம் நோகும் என்று நினைத்தேன். எல்லாப் பெட்டியையும் எதிரணியின் பேருந்தில் ஏற்றிவிடுவேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி போன முறை இறங்கும்போதே கேட்டது, இன்றைக்கு அது உண்டா என்று."

பருவம் முழுக்க என் மகனை முழங்கையால் இடித்தவர்கள் என் றோல்ஸைத் தின்றுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பாலத்தின்மேல்

வானில் யூட் பின்னால் இருந்தான். முழங்கால் நாடியில் முட்ட. லவாலுக்குப் போகிற பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. சினோ கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏனடா குறைச்சனீ?" என்றேன்.

முன்சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குக் குனிந்தான்.

"நீங்கள் றோல்ஸ் குடுத்தனீங்கள். அதுக்குப் பிறகு அவ எழுதினதொண்டையும் நான் நம்பேல்லை. எனக்குக் கூட்டிப் போடுறாவெண்டு நினைச்சன். அதுதான், இன்னொருத்தன்ரை விரல் பட்டதையும் எல்லாம் கழிச்சனான்."

"பெட்டியைக் கூட்டின நேரமெல்லாம்?"

"கூடக் கழிச்சனான்."

றீற்றா முன்சீற்றில் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ சிரிக்கிறாளோ என்று நான் கேட்கவில்லை.

"அந்த மனுசி ஒரு றோல்ஸும் தின்னேல்லையடா. எல்லாம் மற்ற அணியின்ரை பஸ்ஸிலை போனதாம்."

"அவ சொன்னவவோ?"

"ஓம்."

"நீங்கள் சொல்லச் சொன்னனீங்களோ?"

யாரும் என்னைக் கன்னத்தில் அறைந்ததில்லை, அந்தக் கிரேக்கன்கூட. அப்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நான் முன்னால் நின்ற வாகனத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். அவன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"சரி, சரி. நம்புறன்," என்றான்.

"அப்ப உண்மையா எத்தினை? இண்டைக்கு?"

"பதினொண்டு."

"பதின்மூண்டு!"

"பதினொண்டு அப்பா. ரெண்டு உண்மையா என்ரை இல்லை."

"பதினொண்டெண்டாலும் கஸ்தோனைத் தாண்டக் காணுமடா! திங்கட்கிழமை போய்ச் சொல்லு."

"போகமாட்டன்."

"ஏன்?"

"கோச்சுக்குத் தெரியும், பொடியளுக்குத் தெரியும், நீங்கள் மேசைக்குப் பெட்டி பெட்டியாக் கொண்டந்தது. இப்ப நான் போய்க் கூட்டச் சொன்னால் என்ன நினைப்பினம்? பலகையிலை ஏறுறது உங்கட பேர். றோல்ஸாலை ஏறின பேரெண்டு சொல்லுவினம்."

பாலம் முடிந்து வாகனங்கள் நகரத் தொடங்கின. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"கச்சானைத் தாங்கோ. பசிக்குது."

திங்கட்கிழமை

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு வானை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. என் திட்டம் சின்னது. யூட் சம்மதித்துவிட்டான், பையனுக்குச் சோதனை இருக்கிறது, அதனால் என்னை அனுப்பினான் என்று மதாமிடம் சொல்ல வேண்டும். வேண்டிய பிரெஞ்சுச் சொற்களைக் கடையில் வேலைசெய்த பெண்ணிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தேன்.

கூடத்துக் கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே மதாம் ஒற்றை மேசையில் தனியாக இருந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தா. பின்னால் பலகை. கஸ்தோன் பொன் நிறத்தில் மினுங்கினான்.

கதவைத் தள்ளக் கையை எடுத்தேன். கை வரவில்லை. குனிந்து பார்த்தேன். அந்தக் கையில் ஒரு பெட்டி றோல்ஸ் இருந்தது. மட்டையில் எண்ணெய் ஊறி என் கையுறைவரைக்கும் சூடு வந்துகொண்டிருந்தது. அதை எப்போது கடையில் எடுத்தேன், எப்போது வானில் வைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மதாம் தலையை நிமிர்த்தினா. என்னைக் கண்டா. பெட்டியையும் கண்டா. சிரிக்கவில்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தா.

நான் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வானுக்கு வந்தேன்.

வாகனத் தரிப்பிடத்தில் இயந்திரத்தை ஓடவிட்டபடி இருந்தேன். பன்னிரண்டு அடித்தது. மதாம் ஒரு தடித்த கடித உறையோடு வெளியே வந்து, சினோவில் வழுக்காமல் அடியெடுத்து அடியெடுத்துத் தபால் பெட்டிக்குப் போனா. நான் மடியில் பெட்டியைத் திறந்து வைத்துத் தின்றுகொண்டு பார்த்தேன்.

நல்ல றோல்ஸ். என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை.

பலகையில் இன்றைக்கும் என் பெயர் இல்லை. யூட் இப்போது லொங்குய்யில் குடும்பமாக இருக்கிறான். கச்சானைக் கண்டால் "பதினொண்டு" என்பான். "பதின்மூண்டு" என்பேன். அந்த இரண்டில் எங்களுக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

அன்றைக்கு அந்தப் பெட்டியில் எத்தனை றோல்ஸ் இருந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எண்ணவில்லை.